மடிப்புக்குள் போன வரி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அச்சகத்திலிருந்து தபால் நிலையம் வரை எல்லோருக்கும் அவர் ‘சரிங்க’தான். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல். ஒருமுறை வலது பக்கம் வலிக்கிறதென்று பல் மருத்துவரிடம் போய் நாற்காலியில் சாய்ந்தார். மருத்துவர் இடது பக்கத்தில் ஒரு பல்லைத் தட்டி, இதுதானே என்று கேட்டார். சரிங்க என்றார். பல் வந்துவிட்டது. மறுநாள் போய் வலிக்கிற பல்லையும் எடுத்துக்கொண்டார். ஒரு குறை சொல்லவில்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று அசந்துபோன மருத்துவர், அவர் என்ன தொழில் செய்கிறார் என்று விசாரித்து, அவர் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்து, அன்றிலிருந்து அவருடைய வாசகராகவும் ஆகிவிட்டார்.

தொழில் இதுதான்: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து விளையாடுகிற கதை விளையாட்டுக்குப் புத்தகம் போடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கதவு திறந்ததா, ஓடினவன் தப்பினானா என்பதைப் பகடை சொல்லும். எந்த எண் விழுந்தால் என்ன நடக்கும், எந்தப் பூதம் எந்த இடத்தில் கடிக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்குப் போய், பிள்ளை குட்டி பெற்று, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருப்பவர்கள்தான் வாரத்தில் ஒருநாள் கூடி இதை விளையாடுகிறார்கள். ஒரே பாத்திரமாகப் பத்து வருஷம் இருந்தவர்கள் உண்டு. பெண்டாட்டி கூப்பிட்டால் திரும்பாமல், பாத்திரத்தின் பெயர் சொன்னால் திரும்புகிறவர்களும் உண்டு.

பதிப்பகம் என்பது டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் அவருடைய மேசை, கடிதங்கள், சணல் கட்டிய புத்தகக் கட்டுகள். உள்ளறையில் அக்கா. நடுவில் ஒரு கதவு உண்டு. அது மூடாத மாதிரி கட்டுகளை அடுக்கி வருஷக்கணக்காகிறது. கதை, விதி, பூதங்களின் குணநலன் எல்லாம் அவர் எழுதுவார். அதையெல்லாம் கணினியில் அடுக்கிப் பக்கமாக்குவது அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்தவர். அச்சான தாளை மூன்றடி தூரத்தில் பிடித்துப் பார்த்து, நாற்பதாவது வரியில் ஒரு புள்ளி சாய்ந்து நிற்கிறது என்பார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும்.

அக்கா இல்லாவிட்டால் தன்னால் ஒரு முற்றுப்புள்ளியைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அக்காவின் மகள், பேருந்தில் நாலு மணி நேரம் போகிற ஊரில் ஓர் அறையை வெள்ளையடித்துத் தயாராக வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவும் வாரம் தவறாமல், “நான் வந்துட்டா தம்பி தனியா கிடந்து முழிப்பான்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் பதிப்பகம் நின்றுகொண்டிருந்தது.

அவர்கள் போட்டதில் நன்றாக விற்ற புத்தகம் ‘ஏழு வாய்க் கிணறு’. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கிணறுதான் அதில் பெரிய பூதம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கமும் சேர்ந்து அதன் படம். ஏழு வாயும் ஏழு விதமாகக் கடிக்கும் விவரம் ஓரங்களில். புத்தகத்தின் கடைசித் தாளில் ஒரு கோரிக்கை: குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள். யாரும் தயங்கவில்லை.

பல் மருத்துவர்தான் முதலில் எழுதினார். புத்தகத்தை மேசையில் விரித்தால் நிற்பதில்லை, கையை எடுத்தால் பட்டென்று மூடிக்கொள்கிறது, உள்ளோரத்து எழுத்தெல்லாம் மடிப்புக்குள் போய்விடுகிறது; நோயாளி வாயைத் திறந்து வைக்கிற கருவியைப் புத்தகத்துக்கு மாட்டித்தான் படிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவசரமாக வருகிறவர்கள் வாயைத் தாங்களே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்தது ஒரு பேருந்து ஓட்டுநர். பழைய தாள் மாதிரி தெரிய வேண்டும் என்று பக்கம் முழுக்கப் பழுப்பு அடித்து அதன்மேல் பழுப்பு எழுத்து போட்டிருக்கிறீர்கள், குத்துமதிப்பாகப் படித்ததில் கதையில் என் மச்சானை மலையிலிருந்து தள்ளிவிட்டேன், அவன் வீட்டிலும் என்னோடு பேசுவதில்லை. இன்னொருவர் புத்தகம் தட்டையாகட்டும் என்று இஸ்திரி போட்டிருந்தார். போட்டதில் நாற்பதாம் பக்கத்துப் பாம்பு பெயர்ந்து, அடுத்து தேய்த்த சட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டதாம். அலுவலகத்தில் அந்தச் சட்டைக்கு நல்ல பெயர், ஆனாலும் குறை குறைதான் என்று முடித்திருந்தார்.

மொத்தம் நாற்பத்து மூன்று கடிதம். எழுத்தைப் பெரிதாக்குங்கள். புத்தகத்தைச் சிறிதாக்குங்கள். படத்தைக் குறையுங்கள். படம் போதவில்லை. நாற்பத்து மூன்றுக்கும் அவர் கைப்படப் பதில் எழுதினார்: நீங்கள் சொல்வது சரி, அடுத்த பதிப்பில் செய்துவிடுகிறோம். எழுதி முடித்து, பதினோரு மணி டீயின்போது ஒவ்வொன்றாக அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

“டேய், ஒருத்தர் படத்தை எடுங்கறார், ஒருத்தர் படம் போதலைங்கறார். ரெண்டு பேருக்கும் சரின்னு எழுதியிருக்கே. நான் எந்தப் பக்கத்தைக் கிழிச்சு யார் கையில குடுக்கறது?”

நீ பார்த்துக்கொள்வாய் அக்கா என்றார் அவர். அக்கா பார்த்துக்கொண்டார். ஐந்து மாதம் ஆனது. பழுப்பை எடுத்தார், எழுத்தைக் கொஞ்சம் உயர்த்தினார், பசை போட்டு ஒட்டுவதை விட்டுவிட்டு நூல் போட்டுத் தைக்கச் சொன்னார். உள்ளோரத்தை ஒரு விரல் அகலம் கூட்டினார். அதைக் கூட்டியதில் ஒவ்வொரு பக்கமும் நாலு வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் முந்நூற்று நாற்பது ஆனது. கிணற்றுப் படத்தைச் சுருக்கி மடிப்பிலிருந்து விலக்கினார். இரண்டாம் பதிப்பு வந்தது. மேசையில் விரித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவி வந்தாலும் அப்படியே விரிந்து கிடந்தது. அதுவரை இப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்ததில்லை என்று அச்சகக்காரரே ஒரு பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் பாராட்டு. நாலாம் வாரம் வேறு மாதிரியான கடிதங்கள் வர ஆரம்பித்தன. எழுத்து, தாள், நிறம் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை இல்லை. இழவு வீட்டிலிருந்து எழுதினது மாதிரி இருந்தன.

விஷயம் இதுதான். கிணற்றுப் படத்தின் நடுவில், மடிப்பை ஒட்டி, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரே ஒரு வரி: ‘போகட்டுமா என்று கேட்டால் கிணறு விட்டுவிடும்.’ அவர் எழுதியதுதான். யார் செத்தாலும் அவருக்கு மனசு தாங்காது, அதனால் எல்லாப் பூதத்துக்கும் இப்படி ஒரு வழி வைத்துவிடுவார். முதல் பதிப்பில் அந்தப் பெட்டி முழுக்க மடிப்புக்குள் போய்விட்டது. வெளியே தெரிந்த ஓரக்கோட்டைக் கிணற்றின் நிழல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நாலு வருஷமாக எத்தனையோ மேசைகளில் எத்தனையோ பேர் அந்தக் கிணற்றோடு கத்தியும் கம்புமாகப் போராடிச் செத்திருக்கிறார்கள். யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அவருக்கும் இது உறைக்கவே இல்லை. இவ்வளவு பேர் சண்டை போட்டுச் சாகிறார்களே, நம் வாசகர்கள் தைரியசாலிகள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அக்கா உள்ளோரத்தைக் கூட்டியதும் வரி பளிச்சென்று வெளியே வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேர் படியேறி வந்தார்கள். பல் மருத்துவர், பேருந்து ஓட்டுநர், அவர்கள் மேசையில் குறிப்பெடுக்கும் அம்மா. அந்த அம்மா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்தத் தேதியில் எந்த வாயில் விழுந்தார்கள் என்று வரிசை எண் போட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இருபத்து மூன்று பேர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஓட்டுநர் பதினேழாவது பெயருக்குக் குனிந்துகொண்டார். அது அவருடைய பாத்திரம், ஆறு வருஷம் கூட இருந்தது. வாசித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நம் ‘சரிங்க’ எழுந்து நின்றார். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உட்கார்ந்த பிறகு ஆளுக்கொன்று கேட்டார்கள். மருத்துவருக்கு அந்த வரி மறுபடி மடிப்புக்குள் போக வேண்டும், அப்போதுதான் செத்தவர்கள் செத்ததில் ஓர் அர்த்தம் இருக்கும். ஓட்டுநருக்கு வரி இருக்கட்டும், ஆனால் இந்தத் தேதியிலிருந்துதான் செல்லும் என்று போட வேண்டும். தட்டச்சர் அம்மாவுக்கு இருபத்து மூன்று பேரும் திரும்ப வர வேண்டும். அவர் மூவருக்கும் சரிங்க என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மருத்துவர், தாடையைத் தடவிக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டார்.

“நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா இது பக்கம் போட்டவங்க கவனக்குறைவுதானே?”

“சரிங்க,” என்றார் அவர்.

உள்ளறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

உண்மை அப்படியில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், படம் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், ஓர் அங்குலம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஓவியர் நின்றார். அவர் சரிங்க என்றார். அப்படியென்றால் பெட்டி மடிப்பில்தான் போகும், ஓவியரிடம் பேசு என்று அக்கா சொன்னார். அதற்கும் சரி என்றார். பேசவில்லை. அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் அந்தத் தாளின் ஓரத்தில் அக்கா சிவப்புப் பென்சிலால், ‘இது உள்ளே போய்விடும், உனக்குச் சம்மதமா’ என்று எழுதி அனுப்பினார். அதற்குக் கீழே அவர் போட்ட டிக் அடையாளம் இப்போது கண்ணுக்குள் நின்றது. வாலை நீட்டி, அழகாக, ஒரு பறவை மாதிரி போட்டிருந்தார்.

விருந்தாளிகள் போன பிறகு அவர் கதவண்டை போய் நின்று கையைப் பிசைந்தார்.

“அக்கா, பழக்கதோஷம். வாய் தானா சொல்லிடுச்சு.”

அக்கா திரும்பவில்லை. “உன் வாயை எனக்குத் தெரியாதாடா? அது சொன்னதுல எனக்கொண்ணும் இல்ல. அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாங்க. டீ குடிச்சாங்க. அந்தம்மா குடையை மறந்துட்டுப் போயி திரும்பி வந்தாங்க. நீ கூடப் போய்க் கையாட்டி அனுப்பிட்டு வந்தே. அதுக்குள்ள ஒரு தடவைகூட உனக்கு மாத்திச் சொல்லத் தோணலையா?”

தோன்றியது. முக்கால் மணி நேரமும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. டீயை ஆற்றும்போது சொல்லலாம் என்று நினைத்தார், குடை கிடைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். வார்த்தை தொண்டைவரை வந்து, அங்கே ஏற்கெனவே நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. இதையெல்லாம் எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றார். அக்கா பதிலுக்குக் காத்திருந்துவிட்டு விளக்கை அணைத்தார்.

திங்கட்கிழமை நாற்காலியில் அக்காவின் முதுகுத் தலையணை இல்லை. மேசை துடைத்திருந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில், மூன்றடி தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு எழுதி வைத்திருந்தார். போகிறேன் என்று எழுதவில்லை. அவர் ஊருக்குப் போன் போட்டார். அக்காவின் மகள் எடுத்தாள்.

“அம்மா செடிக்குத் தண்ணி விட்டுட்டிருக்காங்க மாமா.”

மறுநாளும் தண்ணீர்தான் விட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஐந்து நாளும். அந்தச் செடிகள் இந்நேரம் நீந்திக்கொண்டிருக்கும் என்று அவர் நினைத்தார், சொல்லவில்லை.

மூன்றாம் பதிப்பைத் தானே செய்துவிடுவது என்று அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கிணற்றுப் பெட்டியைப் பிடித்து மடிப்புப் பக்கம் ஒரு நூலளவு நகர்த்தினார். கிணறு துள்ளி மூலிகைகள் அத்தியாயத்துக்குப் போய், காயத்துக்குக் கட்டுப்போடும் முறைகளுக்கு நடுவில் ஏழு வாயையும் திறந்துகொண்டு உட்கார்ந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரப் போனதில் பொருளடக்கம் இருநூறாம் பக்கத்துக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு வைத்தார். அவர் நல்ல மனிதர், சுறுசுறுப்பு. மூன்றே நாளில் எல்லாப் பக்கத்துக்கும் தங்கக் கலரில் கொடி சுற்றி, கொள்ளைநோய் அட்டவணைக்கு மேலே இரண்டு கிளி வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதற்கு நம்மவர் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில், வேறு எதுவும் கையில் இல்லாததால், பேனாவை எடுத்தார். நாற்பத்து மூன்று பேருக்கும், தட்டச்சர் அம்மாவுக்கும் எழுதினார். தப்பு என்னுடையது. பக்கம் போட்டவர் முன்பே எச்சரித்தார், எழுத்திலும் கேட்டார். நான் படிக்காமல் டிக் போட்டேன். அவர்மேல் பழி விழுந்தபோது நான் மறுத்துச் சொல்லவில்லை. இந்த நாலு வரியை எழுத அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. பிரதி எடுக்காமல் ஒவ்வொன்றையும் கையால் எழுதினார். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது உடம்பு லேசாக இருந்தது.

பதில்கள் வந்தன. புத்தகத்துக்கு இஸ்திரி போட்டவர், அதெல்லாம் இருக்கட்டும், அடுத்த பதிப்பிலும் பாம்பு உண்டா என்று கேட்டிருந்தார். ஓட்டுநர் எழுத்தை இன்னும் கறுப்பாக்கச் சொல்லியிருந்தார். தட்டச்சர் அம்மா இறந்தவர் பட்டியலில் ஒரு தேதி பிசகியிருந்ததாகத் திருத்தம் அனுப்பியிருந்தார். பல் மருத்துவர், உங்கள் பெருந்தன்மை எனக்குத் தெரியும், ஊழியர் தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிறவர் நீங்கள், அந்தப் பல் விஷயத்திலேயே பார்த்தேனே என்று மெச்சி எழுதியிருந்தார்.

அக்காவுக்கும் அவர் ஒன்று எழுதினார். மற்றவர்களுக்கு நாலு வரி என்றால் அக்காவுக்கு இரண்டு பக்கம். அப்பா இறந்த வருஷம் அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து இந்த உள்ளறையில் உட்கார்ந்ததைப் பற்றி, டிக் அடையாளத்தைப் பற்றி, முக்கால் மணி நேரத்தைப் பற்றி. முடிவில், மன்னித்துவிடு அக்கா, திரும்பி வா என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் உறை வந்தது. உள்ளே அவருடைய கடிதமே இருந்தது. சிவப்புப் பென்சில் அடையாளங்களோடு. இடது ஓரம் போதாது. இரண்டாம் பத்தி நீளம், உடைக்கவும். ‘மன்னித்துவிடு’ ஒரு பக்கத்தின் அடியிலும் ‘அக்கா’ அடுத்த பக்கத்தின் தலையிலும் நிற்கிறது, ஒரே இடத்தில் வர வேண்டும். வேறு ஒரு எழுத்து இல்லை. உறையைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

இது கோபமா, சமாதானமா என்று யாரிடம் கேட்பது? அச்சகக்காரரிடம் காட்டினார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, திருத்தமெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

அடிக்கோல் வைத்து ஓரம் பிடித்து, பத்தியை உடைத்து, மறுபடி எழுதி அனுப்பினார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. எழுத்து பொடியாக இருக்கிறது, எனக்கு வயதாகிவிட்டது. பெரிதாக எழுதினார். மூன்று பக்கத்துக்கு ஓடியது. வந்தது. இரண்டு பக்கத்துக்குள் அடக்கவும். எதை வெட்டுவது என்று இரண்டு நாள் தவித்தார். ஓவியரைப் பற்றிய ஒரு பத்தி இருந்தது, அவர் எப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்று. அதை எடுத்தார். அடக்கமாக வந்துவிட்டது. அதுதான் எடுக்க வேண்டியது என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது.

இதற்குள் தபால்காரர் பதினோரு மணிக்கு வருவது தெரிந்து, பத்தரைக்கே ஜன்னலில் நிற்க ஆரம்பித்திருந்தார். ஒரு புதன்கிழமை உறை வந்தது. நின்றபடியே பிரித்தார். முதல் பக்கத்தில் ஓர் அடையாளமும் இல்லை. இரண்டு தடவை பார்த்தார். பென்சில் அழுந்தின தடம்கூட இல்லை. மெதுவாக இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அதுவும் சுத்தமாக இருந்தது, கடைசி வரி வரைக்கும். அதற்கும் கீழே, தாளின் அடியில், வலது மூலையில், சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் எழுதியிருந்தது: பக்க எண் எங்கே?

அவர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். முதல் தாளில் ஒன்று போட்டார், இரண்டாம் தாளில் இரண்டு போட்டார். மூன்றடி தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு, கொஞ்சம் சாய்ந்திருக்கிற மாதிரி இருந்தது. புதுத்தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதத் தொடங்கினார்.